பெயரில்லாத ரேசருக்கு வயது என்ன?

சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறைக்குக் குளுவாங் போயிருந்தபோது சித்தப்பா ஒரு பழைய பிஸ்கட் டின்னை என் கையில் கொடுத்தார். உள்ளே வேட்டித் துணியில் சுற்றிய ரேசர் ஒன்று இருந்தது. எங்கள் பூட்டன், அதாவது தாத்தாவின் அப்பா, சவரம் செய்துகொண்ட ரேசர். நான் ஆறு ஆண்டுகள் படித்த தமிழ்ப்பள்ளியில், ஆண்டு விழாவையொட்டித் தோட்டத்து மக்களின் பழம்பொருள்களைக் கண்காட்சியாக வைக்கப் போகிறார்கள். அதற்கு எங்கள் குடும்பத்தின் பங்கு இந்த ரேசர்.

"நீதாம்மா எழுதற ஆளு. இதுக்கு ஒரு அட்டை எழுதிக் கொடு. 'சயாம் மரண இரயில் பாதையில் பயன்படுத்திய ரேசர், 1943' அப்படின்னு போட்டாப் போதும்," என்றார் சித்தப்பா.

கதை எனக்குத் தெரிந்ததுதான். ஜப்பானியர் காலத்தில் பூட்டனை லாரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டு போனார்கள். பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் இரயில் பாதை. 1943 அக்டோபர் 17ஆம் நாள் இரு முனைகளும் இணைந்தன. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரமாயிரமாய் அங்கே மாண்டார்கள். பூட்டன் மட்டும் 1945இல் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். அவர் கையில் இருந்த ஒரே பொருள் இந்த ரேசர். முகாமில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் கொடுத்தது. இதுவே நான் சிறு வயது முதல் கேட்ட கதை.

அட்டையை அன்றே எழுதியிருக்கலாம். ஆனால் நான் படிப்பது பொருள் பொறியியல். எங்கள் ஆய்வுக்கூடத்தில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது, தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சீட்டில் எழுதி ஒட்டாதே என்பது. ரேசரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட இல்லை. சித்தப்பாவிடம் ஒரு மாதத் தவணை கேட்டு, டின்னோடு பாலம் கடந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்தேன். அந்த ஒரு மாதத்தில் கற்றதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் எழுத்தைத் தேடுங்கள்

பழைய ரேசர் பெரும்பாலும் மூன்று துண்டுகளால் ஆனது. பிளேடை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் வளைந்த மேல்தகடு, பிளேடுக்குக் கீழே சீப்புப் பல் போன்ற விளிம்புடைய அடித்தகடு, இரண்டையும் திருகி இறுக்கும் பிடி. பிடியைத் திருகினால் மூன்றும் கழன்று வரும். பழைய பிளேடு உள்ளே இருந்தால் முதலில் அதைக் கவனமாக எடுத்துவிடுங்கள். துருப்பிடித்த பிளேடும் வெட்டும்.

எழுத்து இருக்கக்கூடிய இடங்கள் சில உண்டு. மேல்தகட்டின் உட்புறம், அடித்தகட்டின் இரு பக்கங்கள், பிடியின் கழுத்து, பிடியின் அடிப்பாகம். நல்ல வெளிச்சத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் செய்த ஜில்லெட் ரேசர் என்றால் வேலை எளிது. 1951 முதல் அதன் தலையின் அடியில் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டன. எழுத்து ஆண்டையும், எண் அந்த ஆண்டின் எந்தக் காலாண்டு என்பதையும் காட்டும். 'ஏ' என்றால் 1955, 'பி' என்றால் 1956. பிரிட்டிஷ் காப்புரிமை எண் இருந்தாலும் உதவும். 1916இல் அந்த எண்கள் 100001இலிருந்து புதிதாகத் தொடங்கின. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்று ஆங்கிலத்தில் இருந்தால், அது 1945க்கும் 1952க்கும் இடைப்பட்ட காலம். ஜப்பான் நேசநாடுகளின் ஆக்கிரமிப்பில் இருந்த ஆண்டுகள் அவை.

எங்கள் ரேசரில் இவற்றில் எதுவும் இல்லை. பெயரில்லாத ரேசர் என்பது அபூர்வமும் அல்ல. கிங் கேம்ப் ஜில்லெட் 1903இல் விற்பனையைத் தொடங்கியபோது அந்த ஆண்டு முழுவதும் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தாம். அமெரிக்கக் காப்புரிமை 1904 நவம்பர் 15இல் கிடைத்தது. காப்புரிமைக்கு அப்போது 17 ஆண்டு ஆயுள். 1921 நவம்பரில் அது முடிந்ததும் யார் வேண்டுமானாலும் அதே வடிவத்தைச் செய்யலாம் என்றாகிவிட்டது. பெயர் போட்டால் பெருமை சேரும் என்று நினைத்தவர்கள் போட்டார்கள். மலிவாக விற்றால் போதும் என்று நினைத்தவர்கள் போடவில்லை.

தேக்காவில் கிடைத்த முதல் துப்பு

எழுத்து இல்லையென்றால் கைபழகியவர்களிடம் கேட்க வேண்டும். தேக்காவில் இன்னும் சில தமிழ் முடிதிருத்தகங்கள் இருக்கின்றன. சிராங்கூன் சாலையை ஒட்டிய தெருவொன்றில் இருந்த ஒரு கடைக்குள் தயக்கத்தோடு நுழைந்தேன். நாற்காலியில் இருந்தவர், காத்திருந்தவர், வேலை செய்தவர் எல்லாரும் ஆண்கள். ஓர் இளம்பெண் பிஸ்கட் டின்னோடு வந்து நின்றதும் கத்தரிக்கோல் சத்தம்கூட ஒரு கணம் நின்றது.

"என்னம்மா, அப்பாவைத் தேடறியா?" என்றார் கடைக்காரர்.

விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு ரேசரை வாங்கினார். அவருடைய தொழிலில் இந்த வகை ரேசர் பயன்படுவதில்லை. அவர் வைத்திருப்பது மடக்குக் கத்திபோன்ற பிடி. அதில் ஒரு பிளேடை இரண்டாக ஒடித்துப் பாதியைச் செருகி, ஒருவருக்குப் பயன்படுத்தியதும் எறிந்துவிடுகிறார். இருந்தாலும் ரேசரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது, நான் அதுவரை கவனிக்காத ஒன்று.

"தலை நல்லாத் தேஞ்சிருக்கும்மா. பூச்செல்லாம் போயி மஞ்சளாத் தெரியுது பாரு. ஆனா புடியில வரியெல்லாம் இன்னும் கூர்மையா இருக்கு. ஈரக் கையில தினமும் புடிக்கிறது புடியைத்தான். மொதல்ல தேய வேண்டியது அதுதானே?"

பச்சை நிறப் பிளாஸ்டிக் பிடி அது. நான் ரேசரை ஒரே பொருளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை இரண்டாகப் பிரித்துவிட்டார்.

அவர் சந்தேகத்தை உறுதிப்படுத்தியவர் ஒரு சீனப் பெரியவர். ஜாலான் புசாருக்கு அருகில் சுங்கை ரோட்டில் இருந்த பழம்பொருள் சந்தையை மூத்த வாசகர்கள் அறிவீர்கள். 1930களிலிருந்து இருந்து வந்த அந்தச் சந்தை 2017 ஜூலை 10ஆம் நாளோடு மூடப்பட்டது. அப்போது எனக்குப் பதினான்கு வயது, பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அங்கே கடை விரித்திருந்த ஒருவரை நண்பர் வழியாகக் கண்டுபிடித்தேன். எங்கள் ரேசரைப் பார்த்ததும் அந்த அங்கிள் சிரித்தார். அவரிடம் அந்நாளில் ஒரு டப்பா நிறையத் தலைகளும் இன்னொரு டப்பா நிறையப் பிடிகளும் இருக்குமாம். எந்தத் தலைக்கு எந்தப் பிடி பொருந்துகிறதோ அதைத் திருகி, முழு ரேசர் என்று விற்பாராம். பெரும்பாலான கம்பெனிகளின் திருகுமரை ஒன்றுக்கொன்று பொருந்துவதே காரணம்.

ஆக, ஒரு ரேசருக்கு ஒரே பிறந்த ஆண்டு இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே வயது பார்க்க வேண்டும். இது முதல் பாடம்.

பிளேடின் ஓட்டை சொல்லும் ஆண்டு

தலையிலிருந்து தொடங்கினேன். இங்கே நமக்கு வழிகாட்டுவது பிளேடு உட்காரும் விதம்.

ஜில்லெட்டின் முதல் பிளேடில் வரிசையாக மூன்று வட்ட ஓட்டைகள் இருந்தன. மேல்தகட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று குச்சிகள் அவற்றுக்குள் நுழைந்து பிளேடை நகராமல் பிடித்தன. 1930 வாக்கில் இது மாறியது. ஹென்றி கெய்ஸ்மன் என்பவரின் ஆட்டோஸ்ட்ராப் கம்பெனி, 'புரோபேக்' என்ற பெயரில் வேறு வடிவ ஓட்டையுள்ள பிளேடைக் கொண்டுவந்தது. ஜில்லெட்டும் நடுவில் நீண்ட பிளவு உள்ள புதிய பிளேடை வெளியிட்டது. இரு தரப்புக்கும் காப்புரிமைச் சண்டை மூண்டு, 1930இல் இரு கம்பெனிகளும் ஒன்றாக இணைந்ததில் முடிந்தது. அதன்பின் வந்த பல ரேசர்களில் அடித்தகட்டின் நடுவே ஒரு நீண்ட மேடு இருக்கும். பிளேடின் பிளவு அந்த மேட்டில் உட்காரும்.

இன்று கடையில் வாங்கும் இருமுனைப் பிளேடை எடுத்துப் பாருங்கள். நடுவில் பிளவும் இருக்கும். அதிலேயே வட்ட ஓட்டைகளுக்கான இடமும் அகன்று தெரியும். அதனால்தான் 1904 ரேசரிலும் இன்றைய பிளேடு பொருந்துகிறது. ஒரு நூற்றாண்டுச் சண்டையின் சமாதான ஒப்பந்தம் அந்த ஓட்டையில் வெட்டப்பட்டிருக்கிறது எனலாம்.

இப்போது கவனியுங்கள். மூன்று குச்சி உள்ள ரேசர் கிடைத்தால் அது 1930க்கு முந்தையது என்று சொல்ல முடியுமா? முடியாது. பழைய வடிவத்தைப் பின்னாளில் யாரும் நகல் எடுக்கலாம். ஆனால் நீண்ட மேடு உள்ள ரேசர் 1910இல் செய்யப்பட்டிருக்க முடியுமா? அதுவும் முடியாது. அந்த மேட்டில் உட்காரும் பிளேடே அப்போது இல்லை. பழமை தொடரலாம், புதுமை முன்கூட்டி வர முடியாது. எனவே ஒரு பொருளில் உள்ள மிகப் புதிய அம்சம் எதுவோ, அதுதான் அதன் வயதுக்கு வரம்பு. இது இரண்டாம் பாடம்.

எங்கள் ரேசரின் அடித்தகட்டில் நீண்ட மேடு இருந்தது. ஆகவே தலை 1930க்கு முன் இல்லை. சயாமுக்குப் போக அதற்குப் போதிய காலம் இருந்தது. சித்தப்பாவுக்கு அன்றிரவே நல்ல செய்தி சொன்னேன்.

தண்ணீரில் எடை போடுதல்

அடுத்து உலோகம். தலையில் காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. எனவே இரும்போ எஃகோ அல்ல. பித்தளையா, மலிவான துத்தநாகக் கலவையா? துத்தநாகத்தை அச்சில் வார்க்கும் 'சமாக்' கலவைகள் 1929 முதல் புழக்கத்துக்கு வந்தவை. மேலே முலாம் பூசிவிட்டால் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிப்பது கடினம்.

தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் சொன்ன ஆர்க்கிமிடீஸ் கதை இங்கே கைகொடுத்தது. மேல்தகட்டைக் காற்றில் எடை போட்டேன்: 11.94 கிராம். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போட்டேன்: 10.53 கிராம். குறைந்தது 1.41 கிராம். 11.94ஐ 1.41ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8.5. பித்தளையின் அடர்த்தி அதுதான். துத்தநாகக் கலவை என்றால் 6.7ஐ ஒட்டி வந்திருக்கும். அலுமினியம் என்றால் 2.7. நகை எடை போடும் சிறிய மின்தராசு இருந்தால் நீங்களும் வீட்டிலேயே செய்யலாம்.

முலாம் எது? நிக்கல் பூச்சு சற்று மஞ்சள் கலந்த வெண்மை. குரோமியம் நீலம் கலந்த வெண்மை. ஒரு பக்கம் புதிய கரண்டியை வைத்து ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். தொழில்முறையில் குரோமியம் பூசுவது 1920களின் நடுவில்தான் தொடங்கியது. எங்கள் தலையில் எஞ்சியிருந்த பூச்சு மஞ்சள் சாயல் கொண்ட நிக்கல். பித்தளையின் மேல் நிக்கல் என்பது போருக்கு முந்தைய ரேசர்களில் சாதாரணம். ஆனால் பின்னாளிலும் செய்தார்கள். ஆகவே இது சாட்சி அல்ல, சாடை மட்டுமே.

பச்சைப் பிடி

பிடியைப் பற்றி நான் முதலில் நினைத்தது பேக்கலைட். லியோ பேக்லண்ட் 1907இல் கண்டுபிடித்த அந்தப் பிளாஸ்டிக்கில் 1930களில் ஏராளமான ரேசர்கள் வந்தன. பேக்கலைட்டை வெந்நீரில் நனைத்துத் தேய்த்தால் பினாயில் போன்ற வாடை வரும். பச்சைப் பிடியில் வாடையே இல்லை.

பிடியின் அடியில் ஏற்கெனவே விரிசல் விட்டு, உதிரும் நிலையில் ஒரு சில்லு இருந்தது. சித்தப்பாவிடம் தொலைபேசியில் அனுமதி பெற்று அதை எடுத்தேன். நல்ல தண்ணீரில் போட்டால் மூழ்கியது. உப்பு கரையாமல் அடியில் தங்கும் அளவுக்கு உப்புப் போட்ட தண்ணீரில் மிதந்தது. அந்த உப்புநீரின் அடர்த்தி சுமார் 1.2. எனவே பிடியின் அடர்த்தி 1க்கும் 1.2க்கும் இடையே. பேக்கலைட் இதைவிடக் கனமானது, மூழ்கியிருக்கும்.

பிறகு ஆய்வுக்கூட அதிகாரியிடம் கேட்டு, அந்தச் சில்லை அகச்சிவப்பு நிறமாலைமானியில் வைத்தேன். ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் அகச்சிவப்பு ஒளியில் சில அலைகளை விழுங்கும். எதை விழுங்குகிறது என்பது அதன் கைரேகைபோல. திரையில் கோடு எழத் தொடங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. 1601, 698 என்ற அலை எண்களில் ஆழமான பள்ளங்கள். அந்தக் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க எங்களுக்குத் தரப்படும் மாதிரித் தாளே அந்தப் பிளாஸ்டிக்கால் ஆனதுதான். பாலிஸ்டைரின்.

பாலிஸ்டைரினின் வரலாறு எனக்குப் பாடத்தில் வந்தது. ஜெர்மனியில் 1930களின் தொடக்கத்திலும், அமெரிக்காவில் அந்தப் பத்தாண்டின் இறுதியிலும் விற்பனைக்கு வந்தது. ஆனால் சீப்பு, பொம்மை, மலிவான பிடி என்று வீடு வீடாக நுழைந்தது போருக்குப் பிறகுதான். ஏன் போருக்குப் பிறகு? விடையைப் படித்தபோது நூலகத்தில் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை இரப்பரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தென்கிழக்காசியாவிலிருந்து போனது. அது ஒரே அடியில் நின்றுவிட்டது. டயர் இல்லாமல் போர் நடத்த முடியாது. எனவே அமெரிக்க அரசு செயற்கை இரப்பர் ஆலைகளை அவசர அவசரமாகக் கட்டியது. அந்தச் செயற்கை இரப்பருக்கு இரண்டு மூலப்பொருள்கள்: ஒன்று பியூட்டடையீன், மற்றொன்று ஸ்டைரின். போர் முடிந்து தோட்டத்து இரப்பர் மீண்டும் கப்பலேறியதும், ஸ்டைரின் செய்யக் கட்டிய பெரும் ஆலைகளுக்கு வேறு வேலை தேவைப்பட்டது. அந்த வேலைதான் பாலிஸ்டைரின். மலிவுப் பிளாஸ்டிக் சாமான்கள் உலகெங்கும் குவிந்தன.

பூட்டன் சீவிய பால்மரங்கள் எதிரியின் கையில் சிக்கியதால் எழுந்த ஆலைகள் அவை. அவர் சயாமில் சிலாக்கட்டை தூக்கிய ஆண்டுகளில் வளர்ந்த தொழில் அது. அதன் ஒரு துளி, என்றோ ஒருநாள் அவருடைய ரேசருக்குப் பிடியாக வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் 1943இல் சயாமில் அந்தப் பிடி அவர் கையில் இருந்திருக்க முடியும் என்று நம்ப வழியில்லை.

கதைக்கு என்ன வயது?

அடுத்த விடுமுறையில் இந்தச் செய்தியோடு வீட்டுக்குப் போனேன். சித்தப்பாவின் முகம் மாறிவிட்டது.

"அப்போ நம்ம தாத்தா சொன்னதெல்லாம் பொய்யா? இதுக்குத்தான் சிங்கப்பூர்ல போயிப் படிக்கிறியா?"

நான் என்ன சொல்வது என்று தெரியாமல் பாட்டியிடம் போய் உட்கார்ந்தேன். பாட்டிக்கு எண்பது வயது. பூட்டன் அவருக்கு மாமனார். ஒரு மாதமாகத் தேக்காவிலும் ஆய்வுக்கூடத்திலும் அலைந்த நான், அந்த ரேசரைத் தினமும் கண்ணால் பார்த்த ஒரே ஆளிடம் அதுவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"நான் வாழ வந்தது அறுபத்து நாலுல. அப்பவே பச்சைப் புடிதாம்மா. சன்னல் கம்பியில கண்ணாடியச் சொருகிட்டு, வாசப்படியில உக்காந்து சவரம் பண்ணுவாரு. தகர மக்குல வெந்நி வச்சிக் குடுப்பேன்," என்றார் பாட்டி.

"சயாம்ல வெள்ளைக்காரன் குடுத்தான்னு அவரு சொன்னாரா, பாட்டி?"

"அவரு வாயால நான் கேட்டதே இல்ல. சயாம்னு யாராச்சும் ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிருவாரு. ரேசர் கதைய உங்க தாத்தாதான் சொல்லுவாரு. அதுவும் அவங்க அப்பா செத்த பொறவு."

பூட்டன் இறந்தது 1971இல். தாத்தா பிறந்தது 1940இல். சயாமுக்கு அப்பாவைக் கொண்டு போனபோது அவருக்கு மூன்று வயது. ஆக, கதையும் துண்டு துண்டாக வந்ததுதான். பூட்டன் சயாம் போய்த் திரும்பியது குடும்பமே கண்ட உண்மை. ரேசர் கதை தாத்தாவின் வாயிலிருந்து 1971க்குப் பிறகு வந்தது. அவர் அப்பாவிடம் தனியாகக் கேட்டிருக்கலாம், ஊகித்தும் இருக்கலாம்.

பாட்டியின் ஒரு வரி எனக்கு வேறொன்றையும் கொடுத்தது. நான் செய்த சோதனைகள் எல்லாம் 'இதற்கு முன் இல்லை' என்று மட்டுமே சொல்லும். பித்தளையும் பாலிஸ்டைரினும் 'இதற்குப் பின் இல்லை' என்று ஒருபோதும் சொல்லா. அதைப் பாட்டி சொன்னார். 1964இல் பச்சைப் பிடியோடு அந்த ரேசரைக் கண்டேன் என்றார். எனவே தலை 1930க்கும் 1964க்கும் இடையே. பிடி, போர் முடிந்ததற்கும் 1964க்கும் இடையே. ஒரு எல்லையைப் பொருள் காட்டுகிறது. மறு எல்லையை மனிதர் காட்டுகிறார். பொருள் இன்னும் நூறாண்டு டின்னுக்குள் இருக்கும். மனிதர் இருக்க மாட்டார். இது மூன்றாம் பாடம். எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுதான்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் ஒரு ரேசரோ, வெற்றிலைப் பெட்டியோ, கைக்கடிகாரமோ இருக்கலாம். முதலில் அதைப் பளபளவென்று தேய்த்துவிடாதீர்கள். தேய்மானமும் ஒரு சாட்சி. பிரிக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். துண்டு துண்டாக வயது பாருங்கள். தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கத் தொகுப்பில் 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்', 'தமிழ் முரசு' போன்ற பழைய இதழ்கள் இருக்கின்றன. அவற்றின் விளம்பரப் பக்கங்கள் எந்தப் பொருள் எப்போது விற்றது என்பதைக் காட்டும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேளுங்கள். 'இது எப்போது வந்தது?' என்பதோடு நிறுத்தாமல், 'நீங்கள் முதலில் எப்போது பார்த்தீர்கள்? உங்களுக்கு யார் சொன்னது?' என்றும் கேளுங்கள்.

அட்டை

சித்தப்பாவிடம் மறுநாள் பேசினேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி: "சயாம்ல அத்தனை பேரு செத்தது உண்மைதானே? அட்டையில ஒரு வரி முன்னே பின்னே இருந்தா என்ன கெட்டுப்போகும்?"

நான் சொன்னது இதுதான். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களில் பெரும்பாலோர் பெயரில்லாமல் மண்ணுக்குள் போனார்கள். நம்மிடம் மிஞ்சியிருக்கும் சாட்சிகள் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் ஒன்று பிளாஸ்டிக் பிடியோடு நின்று '1943' என்று சொன்னால், விவரம் தெரிந்த ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் உண்மையான பொருளையும் நம்பாமல் போய்விடுவார். சித்தப்பா பதில் சொல்லவில்லை. "சரி, எழுது பாப்போம்," என்றார்.

எழுதினேன்.

'ரேசர். பித்தளைத் தலை: 1930க்குப் பின், 1964க்கு முன். பிளாஸ்டிக் பிடி: போருக்குப் பின், 1964க்கு முன். இதைப் பயன்படுத்திய தோட்டத் தொழிலாளி 1943இல் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1945இல் திரும்பினார். அங்கே ஒரு சிப்பாய் இதை அவருக்குக் கொடுத்தார் என்பது அவர் மகன் சொன்ன செய்தி. தலை மட்டும் அவ்வாறு வந்திருக்கக்கூடும்.'

சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். குறை சொல்வார் என்று காத்திருந்தேன்.

"எல்லாம் சரிதான். தலை எப்போ, புடி எப்போன்னு எழுதியிருக்க. யாருன்னு எழுதலையே? தாத்தா பேரு எங்க?"

ஒரு மாதமாகப் பெயரில்லாத ரேசருக்கு வயது தேடியவள், அதைப் பிடித்த கைக்குரியவரின் பெயரை விட்டுவிட்டேன். புதிய அட்டை எடுத்து, பூட்டனின் பெயரை முதல் வரியில் எழுதினேன். அதன்பின் மற்றவை.

கண்காட்சியில் அந்த அட்டைதான் இருந்தது.